ஸ்டெப்னியாகப் போன மெம்பர்

எங்கள் ஊர் பிரசிடெண்டைப் பதவியிலிருந்து இறக்குகிற வேலைக்கு என்னைக் கூப்பிட வந்தபோது, நான் ஏணியின் உச்சியில் நின்று வேப்பமரக் கிளையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காதுகுத்து வீடு. கீழே எங்கள் ஊராட்சியின் துணைத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி அண்ணாந்து பார்த்தார். உறவு முறையில் எனக்கு மச்சான்.

“மாப்ள, கீழ எறங்கு. ஒரு முக்கியமான விசயம்.”

“முக்கியமான விசயம்னா நான் மேலயே இருந்துக்கிறேன் மச்சான். அங்கிட்டே இருந்து சொல்லுங்க.”

“ஊருக்கே கேக்கும்டா.”

“எப்புடியும் சாயங்காலம் கேக்கத்தானே போகுது.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏணி ஆடிக்கொண்டிருந்தது. அன்று காற்றே இல்லை. ஆட்டியது நானேதான்.

நான் ஒன்பதாவது வார்டு மெம்பர். தொழில் மைக் செட். கீரமங்கலத்தைச் சுற்றி நடக்கிற கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எதுவானாலும் பாட்டுக்கு நடுவே “சாப்பிடாதவர்கள் பந்திக்கு வரவும்” என்று ஒரு குரல் கேட்டால் அது என் குரலாக இருக்க வாய்ப்பு உண்டு. தேர்தலில் என் குரல் பழகிய குரல் என்றே பலரும் ஓட்டுப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை ஆயிரம் பேர் முன்னால் வாசிக்க எனக்குப் பயமில்லை. சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால்தான் வயிறு கலக்கும். இது உவமை இல்லை. நிஜமாகவே கலக்கும், ஓட வேண்டியிருக்கும். என் மனைவி இதை மற்றவர்களிடம் “அவருக்கு அரசியல் ஒத்துக்காது” என்று நாகரிகமாகச் சொல்வாள்.

பிரசிடெண்ட் ஒரு பெண். தையல் கடை வைத்திருந்தவர். யாரைப் பார்த்தாலும் தோளிலிருந்து இடுப்பு வரை கண்ணாலேயே அளவெடுத்துவிட்டுத்தான் பேசுவார். பேச்சும் கத்தரிக்கோல் மாதிரி. எனக்கு அவரைப் பிடிக்காது. காரணம் கேவலமானதுதான், சொல்லிவிடுகிறேன். அவர் பதவிக்கு வந்த பிறகு நடந்த முதல் கிராம சபைக்கு நான் வழக்கம்போல் ஸ்பீக்கர் பாக்ஸை இறக்கினேன். “அண்ணே, மெம்பரா இருக்கவரு ஊராட்சி வேலைய எடுத்து செய்யக் கூடாது. தூக்கிருங்க” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆலங்குடியிலிருந்து வேறொருவன் செட்டைக் கொண்டுவந்து கட்டினான். அவன் கட்டிய ஸ்பீக்கர் கூட்டம் முடிகிற வரைக்கும் ஊளையிட்டது. சட்டம் அவர் பக்கம். சத்தம் என் பக்கம். அன்று முதல் கோபம்.

ஆனால் மச்சானின் கோபம் வேறு. எங்கள் ஊரில் தொட்டியிலிருந்து வருகிற குடிதண்ணீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் உண்டு. தொட்டிக்குப் பக்கத்து வீடுகள் மோட்டாரைப் போட்டால் கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். மச்சான் வீட்டு மோட்டார் மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு, வாசலில் வைத்த தென்னங்கன்றுகளையும் குளிப்பாட்டும். ஒருநாள் காலை கடைசித் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு பிரசிடெண்ட் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் அத்தனை மோட்டாரையும் பிடுங்கி, ஊராட்சி அலுவலக வராந்தாவில் குவித்துவிட்டார். குவியலின் உச்சியில் மச்சானின் மோட்டார். நீல நிறம். ஊரில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

செய்தது நல்ல காரியம். செய்த விதம் தப்பு. மோட்டாரைப் பிடுங்குவதென்றால் மன்றக் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அவர் எதையும் செய்யவில்லை. தெருவில் யாரோ கேட்டதற்கு, “வாசல்ல கொடத்தோட உக்காந்திருக்காளுக, நான் அஜெண்டா அடிச்சுக்கிட்டு இருக்கவா?” என்றார்.

அதைத்தான் மச்சான் ஏணிக்குக் கீழே நின்று சொன்னார். பிரசிடெண்ட் மேல் குற்றச்சாட்டு எழுதிக் கலெக்டரிடம் கொடுத்தாயிற்று. கூட்டம் போடுவதில்லை, பெண் உறுப்பினர்களைக் கலந்தாலோசிப்பதில்லை, தன்னிச்சையாக நடக்கிறார். கலெக்டர் நோட்டீஸ் அனுப்பி, பிரசிடெண்ட் விளக்கம் கொடுத்து, அது போதாதென்று இப்போது தாசில்தார் வந்து கூட்டம் போடப்போகிறார். ஒன்பது மெம்பரிடமும் தனித்தனியாகக் கருத்துக் கேட்பார். ஆறு பேர் “நீக்கலாம்” என்றால் பிரசிடெண்டுக்கு மிச்சமிருக்கிற ஒரு வருடம் காலி.

“ஆறு பேரு கையெழுத்துப் போட்டாச்சு மாப்ள. நீ போடல. காதுகுத்து, கல்யாணம்னு ஓடி ஒளிஞ்சுட்ட. பரவாயில்ல. இருந்தாலும் எவனாச்சும் கடைசி நேரத்துல கவுத்துட்டா? நீ ஸ்டெப்னியா இரு.”

ஸ்டெப்னி என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்டெப்னியை யார் கழற்றப் போகிறார்கள்? பாதி வண்டிகளில் அதில் காற்றே இருக்காது.

*

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை வேன் வந்தது. பெரிய பெரிய கட்சிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் எங்கேயோ அடைத்து வைப்பதை டிவியில் பார்த்து மச்சான் ரொம்ப நாளாக ஏங்கியிருக்கிறார். எங்களை அடைத்து வைக்க அவர் பிடித்த இடம் கட்டுமாவடி. அங்கே அவருடைய மைத்துனர் மீன் வியாபாரி. ஐஸ் கொட்டகைக்கு மேலே ஒரு நீளமான அறை, ஜன்னலைத் திறந்தால் படகுகள், மூடினாலும் மீன் வாடை.

வேனில் ஏழு பேர் இருந்தோம். மச்சான், மூன்றாவது வார்டு, ஐந்தாவது வார்டு, நான். மீதி மூன்று பேர் நான்கு, ஆறு, எட்டாவது வார்டுகளின் வீட்டுக்காரர்கள். அந்த மூன்று வார்டிலும் ஜெயித்தது பெண்கள். ஆனால் ஊரில் “மெம்பர்” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது வீட்டுக்காரர்கள்தான். மன்றக் கூட்டத்தில் நாற்காலியில் உட்காருவதும் அவர்கள்தான். கூட்டம் முடிந்தபின் தீர்மானப் புத்தகம் வீட்டுக்குப் போகும். வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவார். இது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போனது. வேனில் ஏறும்போது தலையை எண்ணினோமே தவிர யார் தலை என்று யாரும், நான் உட்பட, பார்க்கவில்லை.

கட்டுமாவடி போனதும் மச்சான் முதல் வேலையாக மீன் போடுகிற ஒரு தெர்மோகோல் பெட்டியை நீட்டினார்.

“போனப் போடுங்கப்பா.”

“எதுக்கு மச்சான்?”

“அந்தம்மா போன் போட்டுப் பேசி மனச மாத்திரும்.”

“எம்மனச மாத்த போனெல்லாம் வேணாம் மச்சான். ஒரு தும்மல் போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். இதுதான் என் வாழ்க்கை முழுக்க நான் செய்கிற தந்திரம். பயந்து சாகும்போது ஒரு ஜோக் அடிப்பேன். சிரிப்புச் சத்தத்தில் என் வயிற்றுச் சத்தம் அமுங்கிவிடும். போனைப் போட்டேன். பிரஷர் மாத்திரையை மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மதியம் நண்டுக் குழம்பு. பயத்தில் சாப்பாடு இறங்காது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு மூன்று தடவை சோறு வாங்கினேன். கை கழுவிவிட்டு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தேன்.

“மச்சான், ஒரு சந்தேகம். அந்தம்மா எதையாச்சும் தின்னுச்சா?”

“தின்னுச்சான்னா?”

“கமிஷன், கம்மாயி மண்ணு, ரோட்டோர மரம். இந்த மாதிரி.”

அவர் நண்டு ஓட்டை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “தின்னுருந்தா நான் ஏன்டா இந்தப் பாடு படுறேன்? திங்கிறவனோட பேசிப் பழகலாம். இது திங்கவும் மாட்டேங்குது, நம்மளக் கேக்கவும் மாட்டேங்குது.”

மூன்றாவது வார்டு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

“நீ ஒண்ணு சொல்லு மாப்ள. கூட்டத்தக் கேக்காம செஞ்சது தப்பா, இல்லையா?”

“தப்புதான்.”

“அப்பறம் என்ன?”

“இன்னும் ஒரு வருசத்துல எலெக்சன் வருதுல்ல. சனம் பாத்துக்காதா?”

“அதுக்குள்ள அந்தம்மாவுக்கு இதுவே பழகிரும். இன்னைக்கு மோட்டாரு, நாளைக்கு கம்மாயி. தப்புன்னு தெரிஞ்சும் எலெக்சன் வரட்டும்னு உக்காந்திருந்தா நாம எதுக்கு மெம்பரு? சனமே நேரா பாத்துக்கட்டுமே?”

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. மச்சான் பொல்லாதவர், தென்னங்கன்றுக்காகச் சண்டை போடுகிறவர், எல்லாம் சரி. ஆனால் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. கெட்ட நோக்கத்தோடு கேட்டாலும் கேள்வி கேள்விதானே. எனக்கு வியர்த்தது. காதுக்குள் எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஒரு ‘ம்ம்ம்’ ஓட ஆரம்பித்தது. “காலாற நடந்துட்டு வாரேன்” என்று சொல்லிக் கீழே இறங்கினேன்.

இறங்கியதும் முடிவு செய்துவிட்டேன், ஓடிவிடுவதென்று. வலை உலர்த்துகிறவர்களைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஒரு பஸ் வந்தது. ஏறினேன். மனசுக்குள் என்னை யாரோ துரத்துகிறார்கள். நான் தலையைக் குனிந்து ஜன்னலுக்குக் கீழே மறைந்து உட்கார்ந்தேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். “எங்கண்ணே?”

“எங்கிட்டாச்சும்.”

“எங்கிட்டாச்சுமுக்கு டிக்கெட் கெடையாது. அறந்தாங்கி போகுது. போடவா?”

போட்டார். மூச்சு வந்தது. என் வீரத்தை முதலில் மனைவிக்குச் சொல்வோம் என்று சட்டைப் பையில் கை விட்டேன். பிரஷர் மாத்திரை இருந்தது. போன் மீன் பெட்டியில். ஆவணி மாதத்துக்கு நான் எடுத்து வைத்த புக்கிங் அத்தனையும் அந்தப் போனில். எந்த ஊர், எந்த மண்டபம், எந்த முகூர்த்தம், ஒன்றும் எனக்கு மனப்பாடம் இல்லை. ஜனநாயகத்தைக் கைவிட்டு ஓடலாம்; ஆவணி முகூர்த்தத்தை எப்படிக் கைவிடுவது?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன்.

உப்புக்காற்று முகத்தில் அடிக்கிற ரோட்டில் தனியாக நடந்தபோதுதான் மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதில் வந்தது. மூளை இல்லாதவனுக்குத் தொழில்தான் மூளை. கல்யாண வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கரகர என்றால் நான் என்ன செய்வேன்? குமிழைத் திருகுவேன். வயரை ஆட்டிப் பார்ப்பேன். மைக்கைத் தள்ளி வைப்பேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வந்து “என்னய்யா எழவு சத்தம்” என்று திட்டினாலும் மெயினைப் பிடுங்க மாட்டேன். பிடுங்கினால் தாலி கட்டும்போது மேளம் யாருக்கும் கேட்காது. ஆனால் பெட்டியிலிருந்து புகை வந்தால்? அப்போது யோசிக்கவே மாட்டேன். முகூர்த்தமாவது, மண்ணாங்கட்டியாவது, பிடுங்கிவிட்டு அப்புறம்தான் பதில் சொல்வேன்.

பிரசிடெண்ட் ஊரை விற்றால், தேர்தலையே நடக்கவிடாமல் செய்தால், கேள்வி கேட்கிறவன் வாயை அடைத்தால், அது புகை. அப்போது எலெக்சன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவன் மெம்பர் இல்லை. அந்த இடத்தில் மச்சான் சொன்னது சரி. ஆனால் இது கரகரப்பு. நாங்கள் ஒரு தடவையாவது திருகிப் பார்த்தோமா? கூட்டத்தில் எழுந்து “ஏன் தீர்மானம் இல்லாமல் செய்தீர்கள், கொண்டுவாருங்கள்” என்று ஒருவர் கேட்டோமா? கேட்கவில்லை. நேராக மெயின் சுவிட்சுக்குக் கை நீட்டிவிட்டோம். எங்கேயோ ஒரு தேசத்தில் ஜனாதிபதியை நீக்கலாமா கூடாதா என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் விடிய விடியப் பேசுவார்கள். அதில் எனக்கு ஒரு எழவும் புரிந்ததில்லை. கட்டுமாவடி ரோட்டில் கொஞ்சம் புரிந்தது.

இவ்வளவு தெளிவோடு ஐஸ் கொட்டகை மாடிக்கு ஏறினேன். தப்பியோடிய ஆளைத் தேடி அமளி நடந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் போனதே யாருக்கும் தெரியவில்லை.

“நடந்துட்டு வந்தியா மாப்ள?” என்றார் மச்சான், சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல். “பசிக்குமே. சுறாப் புட்டு இருக்கு, சாப்புடு.”

ஓடியவனைத் துரத்தாமல் விடுவதைவிடப் பெரிய அவமானம் இல்லை. சுறாப் புட்டை முழுவதும் சாப்பிட்டேன்.

*

மறுநாள் காலை வேன் நேராக ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்றது. வராந்தாவில் மோட்டார் குவியல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எது கைமாறப் போகிறது என்பது எனக்கு உறைத்தது. பிரசிடெண்ட் போனால் அன்று சாயங்காலமே இந்த மோட்டார்கள் குழாய்க்குத் திரும்பிவிடும். துணைத் தலைவர்தான் தலைவர் வேலையைப் பார்ப்பார். கடைசித் தெருக் குழாயில் மறுபடி காற்று.

உள்ளே பிரசிடெண்ட் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சேலை முந்தானையில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தார். யாரையும் அளவெடுக்கவில்லை. அவர் கண் தாழ்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருகைப் பதிவை எடுத்தார். அரைக்கைச் சட்டை, சிரிக்காத முகம். நான்காவது வார்டின் பெயரை வாசித்தார். பெண் பெயர். வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

“இது உங்க பேரா?”

“நம்ம வீட்லங்க சார்.”

“அவங்க எங்க?”

“வீட்லங்க.”

“அப்ப நீங்க யாரு?”

இத்தனை வருடத்தில் எங்கள் ஊரில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர் தூக்கிய கையை மெதுவாக இறக்கினார்.

“மெம்பருங்க மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க வெளிய போங்க. மெம்பர வரச் சொல்லுங்க.”

மச்சான் என் பக்கம் சாய்ந்து காதில் கேட்டார். “மாப்ள, நாம யாரடா கட்டுமாவடிக்குக் கூட்டிட்டுப் போனோம்?”

“புருசங்கள மச்சான்.”

“அடக் கெரகமே.”

காவல் காத்தது ஒருவரை, கருத்துச் சொல்லப் போவது இன்னொருவர். பத்திரமாக ஐஸ் கொட்டகையில் வைத்தது புருசன்மாரை. மெம்பர்கள் மூன்று பேரும் ஊரில் தாராளமாக உலாத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். பிரசிடெண்ட் பக்கம் நிற்கிற இரண்டாவது வார்டு, ஏழாவது வார்டுப் பெண்களோடு சேர்ந்து ஐந்து பேரும் ஒன்றாக. வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

தாசில்தார் வார்டு வரிசைப்படி கேட்டார். முதல் வார்டு மச்சான். “நீக்கணும்” என்று கணீரென்று சொன்னார். இரண்டு, கூடாது. மூன்று, நீக்கணும். அடுத்து நான்காவது வார்டு அக்கா எழுந்தார். கையில் ஒரு தாள். கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸோடு எல்லா மெம்பருக்கும் வந்திருந்த குற்றச்சாட்டின் நகல்.

“நீக்க வேணாங்க சார்.”

ஜன்னலிலிருந்து “ஏய்!” என்று ஒரு குரல்.

“இருங்க, பேசிட்டு வாரேன்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் திரும்பினார். “கையெழுத்துப் போட்டது நான்தாங்க சார். மாவாட்டிக்கிட்டு இருந்தேன், இவரு தாள நீட்டுனாரு, எப்பவும்போலப் போட்டேன். இவரு கட்டுமாவடி போனதுல வீடு நிம்மதியா இருந்துச்சா, உக்காந்து வாசிச்சேன். பொம்பள மெம்பருங்களக் கலந்து பேசுறதில்லன்னு எழுதியிருக்கு. அந்தம்மா எல்லாக் கூட்டத்துக்கும் எங்களக் கூப்புட ஆளு அனுப்புறாங்க சார். நான்தான் போறதில்ல. எனக்குப் பதிலா இவரு போறாரு. அதுக்கு நீக்குறதுன்னா இவரத்தான் நீக்கணும்.”

தாசில்தாரின் முகத்தில் எங்கேயோ ஒரு நரம்பு ஆடியது. சிரிப்பாக இருக்கலாம். மச்சான் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டி பஞ்சர்.

ஐந்து, நீக்கணும். ஆறாவது வார்டுப் பெண் சாதுவாகப் பேசுவார் என்று நினைத்தேன். எரிந்து விழுந்தார். “நீக்கணுங்க. எங்க வீட்டு மோட்டாரச் சொல்லாமக் கொள்ளாமப் புடுங்கிட்டு, எங்க அத்தைகிட்ட வாய் வேற. நாங்க என்ன திருடங்களா? எழுதிக்கங்க, இது எங்க வீட்டுக்காரர் சொல்லி இல்ல, நானாத்தான் சொல்றேன்.” அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. பிரசிடெண்ட் முந்தானை நூலை அறுத்துவிட்டார். ஏழு, கூடாது. எட்டு, ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, நீக்கணும்.

ஐந்து பேர் நீக்கணும், மூன்று பேர் கூடாது. மிச்சம் நான்.

ஸ்டெப்னியைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

எழுந்தேன். காதில் ‘ம்ம்ம்’ ஆரம்பித்தது. வயிற்றில் அதைவிடப் பெரிய சத்தம். வாயில் ஒரு ஜோக்கைத் தேடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றும் இல்லை. வாயைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று வந்துவிட்டது.

“என்னது?” என்றார் தாசில்தார்.

“ஒண்ணுமில்லங்க சார். ஆம்ப்ளிஃபயர் கரகரன்னா திருகணும் சார். பொகை வந்தாத்தான் புடுங்கணும்.”

“இத நான் எப்புடிய்யா எழுதுறது?”

“மாப்ள, வெளையாடாத” என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒன்னயத் தூக்கி எறிஞ்ச பொம்பளடா அது. மறந்துட்டியா?”

அது உதவி செய்தது. என் கோபத்தை எனக்கு ஞாபகப்படுத்தியதற்கு இன்றும் நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். மறக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. பிடிக்காத ஒருவரை இறக்குவதற்கு இவ்வளவு சுலபமான வாய்ப்பு கிடைத்தால் அதை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது.

“மறக்கல மச்சான். அதனாலதான் சொல்றேன். அவுங்க கூட்டத்தக் கேக்காம மோட்டாரப் புடுங்குனது தப்பு. அத எழுதிக்கங்க சார். நாம கூட்டத்துல ஒரு கேள்வி கேக்காம ஆளையே புடுங்க வந்திருக்கோம். அதுவும் தப்பு. அதையும் எழுதிக்கங்க. கோவத்துல ஓட்ட மாத்திப் போட சனத்துக்கு ஒரு நாளு இருக்கு. அது அவுக நாளு, நம்ம நாளு இல்ல. நீக்கக் கூடாது.”

“கடைசி வார்த்த மட்டும் போதும்” என்று தாசில்தார் எழுதினார்.

நான் உட்காரவில்லை. வராந்தா வழியாக, மோட்டார்களைத் தாண்டி, அலுவலகக் கழிப்பறைக்கு ஓடினேன். வரலாறு என்னைப் பற்றி எழுதுவதாக இருந்தால் இந்த ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது.

*

கலெக்டர் ஆபீசிலிருந்து மேல் நடவடிக்கை இல்லை என்று வந்தது. அன்று பிரசிடெண்ட் என் வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே, “ரொம்ப நன்றிண்ணே” என்றார்.

“நன்றியெல்லாம் வேணாம்மா. அடுத்த கூட்டத்துல மோட்டார் விசயத்தத் தீர்மானமா வைங்க. நோட்டீஸ் குடுத்துட்டு எடுக்கணும்னு எழுதுங்க. இல்லன்னா அடுத்த மனுவுல மொதக் கையெழுத்து என்னோடது.”

தோளிலிருந்து இடுப்பு வரை என்னை அளவெடுத்தார். “மெரட்டுறீங்களா?”

“ஆமா. வயித்தக் கலக்குது, ஆனா மெரட்டுறேன்.”

என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

மச்சான் இப்போது என்னை மாப்ள என்று கூப்பிடுவதில்லை. “ஒம்போதாவது வார்டு” என்கிறார். அவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மைக் செட் அறந்தாங்கியிலிருந்து வந்தது. அவர் சொல்லி இன்னும் சில வீடுகள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் காது குத்துவதை நிறுத்தப் போவதில்லை. என் குரல் எங்கேயாவது ஒரு பந்திக்குத் தேவைப்படத்தான் செய்யும்.

பிரசிடெண்ட் அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை வைக்கவில்லை. மறந்துவிட்டாராம். அதற்கடுத்து கிராம சபை. ஆலங்குடிக்காரன் செட்தான், வழக்கம்போல ஊளை. அவன் மைக்கை பாக்ஸுக்கு நேராக வைத்திருந்தான். என் விரல்கள் துடித்தன. மெம்பராக இருக்கிறவன் தொடக் கூடாது. நான்காவது வார்டு அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் கூட்டத்துக்குப் பின்னால் கை கட்டி நின்று, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரசிடெண்ட் “அடுத்து” என்று சொல்வதற்குள் எழுந்தேன். ஒருவன் மைக்கை நீட்டினான். வேண்டாம் என்றேன்.

“மோட்டார் தீர்மானம் என்னாச்சு?”

மைக் இல்லாமலே கடைசித் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். பிரசிடெண்ட் என்னை முறைத்தார். பிறகு ஊராட்சிச் செயலரைப் பார்த்து, “எழுதுங்க, இன்னைக்கே வைக்கிறோம்” என்றார்.

“வாசிங்க, கேட்டுட்டுத்தான் உக்காருவேன்” என்றேன். வயிறு கலக்கிக்கொண்டேதான் இருந்தது. நோட்டீஸ் என்ற சொல் வருகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் ஓடினேன்.